தேங்காயைக் கூட்டா விக்கப் போறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க

பத்து விவசாயிங்க ஒண்ணா உட்கார்ந்து "நாமளே சேர்ந்து விக்கலாம்"னு பேச ஆரம்பிச்சா, அரை மணி நேரத்துல பேச்சு எங்க போய் நிக்கும் தெரியுமா? கம்பெனிக்கு என்ன பேரு, எண்ணெய் பாட்டில்ல என்ன படம், லேபிள் பச்சையா மஞ்சளா. டீ வந்து, வடை வந்து, பேரும் முடிவாயிடும். அடுத்த வெட்டுக்குக் காயை யாருக்குப் போடறதுங்கறது மட்டும் முடிவாகாது. வழக்கமா வர்ற வியாபாரி வண்டியோட வருவாரு, காய் ஏறிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயிங்க குழு ஒண்ணுக்குக் கணக்கு எழுதறவ நான். தம்பி, தங்கச்சிங்க யாராவது "அக்கா, நாங்களும் ஒரு குழு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்"னு வந்தா, முதல்ல சொல்றது இதைத்தான்: பேரு வைக்காதீங்க, பதிவு பண்ணாதீங்க. ரெண்டு வெட்டுக்கு ஒண்ணாச் சேர்ந்து எடை மட்டும் போட்டுப் பாருங்க. அதுக்கே ஒத்து வராதவங்க கம்பெனி ஆரம்பிச்சு என்ன பண்ணப் போறாங்க?

எங்க ஒழுகுதுன்னு முதல்ல பாருங்க

விலை விழுந்தா வலிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். விலை நல்லா இருக்கற மாசத்துலயும் கையில காசு நிக்காம போகுதே, அதுதான் யோசிக்க வேண்டியது. எண்ணிக்கையில விக்கற ஊர்கள்ல நூத்துக்கு இத்தனைன்னு 'லாபக் காய்' எடுத்துக்குவாங்க. எதுக்குன்னு கேட்டா "வழக்கம்"னு ஒரே பதில். பொடிக்காய் ரெண்டை ஒண்ணா எண்ணுவாங்க. டன் கணக்குல விக்கற ஊர்ல எந்த எடை மேடைக்குப் போறதுன்னு வியாபாரி முடிவு பண்ணுவாரு. கொப்பரையா கொண்டு போனா சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. ஈரத்தை எப்படிப் பார்க்கறாங்க? சாக்குக்குள்ள கையை விட்டு ஒரு பருப்பை எடுத்து, ஒடிச்சு, உள்ள நகத்தால கீறி, "இன்னும் ரெண்டு நாள் காயணுமுங்க"ன்னு சொல்லுவாரு. ரெண்டு நாள் காய வெச்சுக் கொண்டு வர்றேன்னு நீங்க திருப்பி எடுத்துட்டுப் போவீங்களா? வண்டி வாடகை யாரு குடுக்கறது? அவருக்கு அது தெரியும். அதனாலதான் ஈரத்துக்குக் கழிவை அவர் சொல்றாரு, நீங்க தலையாட்டறீங்க.

இதுல யாரும் கொள்ளையடிக்கறாங்கன்னு நான் சொல்ல வரல. அளக்கறவர், தரம் பிரிக்கறவர், விலை சொல்றவர், பணம் தர்றவர் எல்லாமே ஒரே ஆளா இருந்தா, அந்த ஆள் நல்லவரா இருந்தாலும் தராசு அவர் பக்கம்தான் சாயும்.

அதனால உங்க குழுவோட முதல் வேலை ஒரு நோட்டு போடறது. நாப்பத்தஞ்சு நாளுக்கோ ரெண்டு மாசத்துக்கோ ஒரு வெட்டு வருதில்ல, அந்த ஒரு வெட்டுக்கு ஒவ்வொருத்தரும் எழுதட்டும்: என்னைக்குக் காய் போட்டாங்க, எத்தனை காய், என்ன எடை, யாருக்குக் குடுத்தாங்க, என்ன விலை, எதெதுக்கு எவ்வளவு கழிச்சாங்க, பணம் எந்தத் தேதியில கைக்கு வந்துச்சு. கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க. ஒரு மாசம் கழிச்சு வர்ற நல்ல விலையை விட இன்னைக்கு வர்ற சுமாரான விலை சில வீடுகளுக்கு லாபம். அந்தக் கணக்கும் நோட்டுல தெரியணும்.

அப்புறம் எல்லா நோட்டையும் ஒரு திண்ணையில பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. ஒரே ரோட்டுல, ஒரே வாரத்துல, ஒரே மாதிரிக் காய்க்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேற விலை வாங்கியிருப்பாரு. "எங்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னு ஒரு சத்தம் கிளம்பும். கிளம்பட்டும். பக்கத்துத் தோட்டத்து விலை தெரியாம இருந்ததுதான் இத்தனை வருஷமும் வியாபாரிக்கு வசதி.

விலை தெரியறதுக்கே எவ்வளவு பலம்னு பார்க்கணும்னா ஆனைமலைப் பக்கம் பாருங்க. அங்க இளநீர் உற்பத்தியாளர் சங்கம் வாராவாரம் பண்ணை விலை இவ்வளவுன்னு அறிவிக்குது. பேப்பர்ல வருது, வாட்ஸ்அப்புல சுத்துது. சங்கம் ஒரு இளநீரைக்கூட வாங்கி விக்கத் தேவையில்லை. "இந்த வாரம் இதுக்குக் கீழ குடுக்காதீங்க"ன்னு ஒரு எண்ணைச் சொன்னாலே, லாரியோட வர்றவர் அந்த எண்ணுல இருந்துதான் பேச ஆரம்பிக்கணும். எல்லாரும் அந்த விலைக்கே விக்கறாங்கன்னு இல்ல. ஆனா பேரம் பேச ஒரு தரை கிடைச்சிருக்கு. கூட்டு விற்பனையில இதை விடச் செலவு கம்மியான வேலை வேற இல்ல.

தராசு, முத்திரை, ரசீது

குழுக்காசுல முதல்ல வாங்க வேண்டியது மரச்செக்கு கிடையாது, ஒரு எலெக்ட்ரானிக் தராசு. மேடை மாதிரி தட்டையா இருக்கும், சாக்கை அப்படியே தூக்கி வைக்கலாம். வாங்கினதோட விடாம, தொழிலாளர் துறையோட முத்திரை ஆய்வாளர்கிட்ட வருஷா வருஷம் முத்திரை போட்டு வாங்குங்க. முத்திரை இல்லாத தராசுல போட்ட எடையை வியாபாரி ஒத்துக்க மாட்டாரு. ஒத்துக்காட்டி நம்மளால வாதாடவும் முடியாது. கொப்பரை விக்கறதா இருந்தா கூடவே ஈரப்பதம் பார்க்கற மீட்டர் ஒண்ணு. அரசுக் கொள்முதல்ல அரவைக் கொப்பரைக்கு ஈரம் 6 சதவீதம் வரைதான் ஏத்துக்குவாங்க. நம்ம களத்துலயே அந்த எண்ணைப் பார்த்துட்டா, நகத்தால கீறற வித்தைக்கு வேலையில்லை.

எடை போடற அன்னைக்கு நடக்கறதைச் சொல்றேன், அப்படியே பழகிக்கங்க. காலி சாக்கை முதல்ல வைங்க, எடையை எழுதுங்க. ஈரச் சாக்கும் காய்ஞ்ச சாக்கும் ஒரே எடை வராது, அதனால 'சாக்குக்கு ஒரு கிலோ'ங்கற பொதுக் கணக்கே வேண்டாம். தராசைச் சுழியத்துல நிறுத்தி, திரையை எல்லாருக்கும் தெரியற மாதிரி திருப்பி வைங்க. சாக்கை வெச்சதும் அதைப் பிடிச்சிருக்கற கையை எடுக்கச் சொல்லுங்க. எண் நின்னதுக்கு அப்புறம் ஒருத்தர் சத்தமா வாசிக்கணும், இன்னொருத்தர் எழுதணும். வாசிக்கறவரும் எழுதறவரும் ஒரே வீட்டு ஆளா இருக்கக் கூடாது. ரசீது கார்பன் வெச்சு ரெண்டு படி. உறுப்பினர் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அது அவர் கையில இருக்கணும். "நம்ம ஆளுங்கதானே, நாளைக்கு எழுதிக்கலாம்"னு விட்ட குழுவெல்லாம் நாளைக்கு இருந்ததில்லை.

இந்தப் பாடம் நமக்குப் புதுசும் இல்ல. ஊர்ப் பால் சங்கத்துல தினமும் பார்க்கறோம்: காலையில பால் ஊத்தறோம், அளவு எழுதறாங்க, கொழுப்பு பார்க்கறாங்க, அட்டையில குறிக்கறாங்க. 1946-ல குஜராத்துல ஆனந்த் பக்கத்து விவசாயிங்க ஒரே தனியார் கம்பெனிக்குத்தான் பால் ஊத்தணும்ங்கற கட்டாயத்தை எதிர்த்துப் பாலை நிறுத்தினாங்க, அதுல இருந்துதான் அமுல் வந்துச்சு. அந்தப் போராட்டத்தை எல்லாரும் பெருமையாப் பேசுவாங்க. எனக்கு அதை விடப் பெரிசாத் தெரியறது, அதுக்கப்புறம் ஊர் ஊரா காலையும் மாலையும் விடாம அளந்து எழுதி, பணத்தை நேரத்துக்குக் குடுத்தாங்களே, அதுதான். அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன் அங்க வந்ததே 1949-ல. அதுக்கு முன்னாடியே திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊரா நடந்து சங்கம் கட்ட ஆரம்பிச்சுட்டாரு.

எதை முதல்ல விக்கறது?

தேங்காயை இல்ல. மட்டையையும் தொட்டியையும்.

சிரிக்காதீங்க. காய் ஒவ்வொரு வீட்டுக்கும் உயிர்; அதுல கை வைக்கறதுன்னா ஆயிரம் சந்தேகம் வரும். உரிச்ச மட்டை கயிறு மில்லுக்குப் போகுது, தொட்டி, அதாவது சிரட்டை, கரி சுடறவங்களுக்குப் போகுது. ரெண்டையும் ஆளாளுக்குத் தனியா வித்தா, வண்டி வர்றவர் குடுக்கறதுதான் விலை. நாலு களத்து மட்டை ஒரே இடத்துல குவிஞ்சா மில்லுக்காரர் முழு லோடுக்கு வண்டி அனுப்புவாரு, விலையும் பேசலாம். தகராறு வந்தாலும் நட்டம் கம்மி. சேர்ந்து விக்கறதுல எங்க சண்டை வரும், யாரு வேலை செய்வாங்க, யாரு பேச மட்டும் வருவாங்க எல்லாமே இதுல தெரிஞ்சுடும்.

ஊடுபயிரா ஜாதிக்காய், கோகோ வெச்சிருக்கறவங்க இருந்தா இன்னும் சுலபம். ஆனைமலை அடிவாரத் தோப்புகள்ல இது நிறைய இருக்கு. ஜாதிக்காயும் பத்திரியும் எடை கம்மி, விலை ஜாஸ்தி, நல்லாக் காய வெச்சா கெடாது. ஒரு ஆள் கொண்டு போற அரை மூட்டைக்கு வியாபாரி மதிப்பே தர மாட்டாரு. பத்துப் பேர் சரக்கைத் தரம் பிரிச்சு, ஒரே மாதிரி காய வெச்சு ஒரு லாட்டாக் குடுத்தா, வெளியூர் வாங்கறவங்களை வரச் சொல்லியே கேக்கலாம்.

இதெல்லாம் ஓடுச்சுன்னா கொப்பரைக்கு வாங்க. ஒரு கிலோ கொப்பரைக்கு ஏழெட்டுக் காய் பிடிக்கும். உரிக்கற கூலி, உடைக்கற கூலி, களத்துல காய வைக்கற ஆள், மூடறதுக்குத் தார்ப்பாய் எல்லாம் கூட்டிப் பாருங்க. பச்சைக்காய் விலை ஏறியிருக்கற மாசத்துல கொப்பரை போடறது நட்டமாக்கூட இருக்கும். ஜூன்ல மேற்கால இருந்து மழை இறங்கிட்டா களத்துல காய வைக்கறதும் ஆகாது. பூஞ்சணம் பிடிச்சா தரம் போயிடும். அதனால 'எப்பவும் கொப்பரை'ங்கற குழுவும் 'எப்பவும் காய்'ங்கற குழுவும் ரெண்டுமே நட்டப்படும். ஒவ்வொரு வெட்டுக்கும் கணக்குப் போட்டு முடிவு பண்ணுங்க.

பக்கத்துல இருக்கற கூடத்தைப் பயன்படுத்தாம புதுசா ஏன் கட்டறீங்க?

நிறையப் பேருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்னா பேர்ப் பலகை தொங்கற பழைய கட்டடம். உள்ள போய்ப் பார்க்கறதில்லை. அங்க விவசாயிகிட்ட கமிஷன் கிடையாது. சந்தைக் கட்டணம் 1 சதவீதம் வாங்கற வியாபாரிதான் கட்டறாரு. தனியார் மண்டியில நூத்துக்குப் பத்துன்னு கமிஷன் பிடிக்கறதை நினைச்சுக்கங்க, வித்தியாசம் புரியும். ஏலத்துல வியாபாரிங்க விலையை எழுதிப் போடறாங்க, ஜாஸ்தி எழுதினவருக்குச் சரக்கு. விலை பிடிக்கலையா, குடுக்க வேண்டாம். பல கூடங்கள்ல உலர்களம் இருக்கு, குடோன் இருக்கு. 2016-ல வந்த இ-நாம்ங்கற மின்னணுச் சந்தையில சேர்ந்த கூடமா இருந்தா வெளியூர் வியாபாரியும் ஆன்லைன்ல விலை போடலாம்.

கூட்டுறவுலயே இதைச் செஞ்சு காட்டற இடமும் இருக்கு. திருச்செங்கோட்டுல வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் பருத்தி, மஞ்சள், எள், கொப்பரைன்னு ஏலம் நடத்துது. ஒரு ஏல நாள் அங்க போய் ஓரமா நின்னு பாருங்க. எந்த மூட்டைக்கு முதல்ல ஆள் குனியறாங்க, எதைத் தாண்டிப் போறாங்கன்னு பார்த்தாலே தரம் பிரிக்கறதைப் பத்திப் பத்து வகுப்பு கேட்ட மாதிரி. நல்லதையும் கெட்டதையும் ஒரே சாக்குல கலந்து கட்டினா கெட்டதோட விலைதான் முழுச் சாக்குக்கும். வெள்ளைப் பருப்பு, கருத்த பருப்பு, பூஞ்சணம் பட்டது மூணையும் வீட்டுலயே பிரிங்க.

ஒரு முக்கியமான விஷயம், பொருளீட்டுக் கடன். விலை கம்மியா இருக்கற வாரத்துல பணம் வேணுங்கறதுக்காக வித்துடறோம் பாருங்க, அங்கதான் விழறோம். கூடத்துக் குடோன்ல சரக்கை வெச்சு, அதோட மதிப்புல 75 சதவீதம் வரைக்கும் கடன் வாங்கலாம். 180 நாள் வரை வெச்சிருக்கலாம். அவசரத்துக்குப் பணமும் ஆச்சு, சரக்கும் நம்ம பேர்லயே இருக்கு. கொப்பரையை இப்படி வைக்கறதுன்னா நல்லாக் காய்ஞ்சிருக்கணும், இல்லேன்னா எடை குறையும், வண்டு விழும். மஞ்சள், எள் மாதிரி சரக்குக்கு இது இன்னும் பொருந்தும். எவ்வளவு வட்டி, எவ்வளவு வரை தருவாங்கங்கறதை உங்க கூடத்துக் கண்காணிப்பாளர்கிட்டயே கேட்டு எழுதிக்கங்க, அப்பப்போ மாறும்.

ஆதார விலையும் ஞாபகத்துல இருக்கட்டும். 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய்னு மத்திய அரசு அறிவிச்சுது. வெளிச் சந்தை அதுக்கு மேல இருந்தா யாரும் அந்தப் பக்கம் போகப் போறதில்லை. கீழ விழுந்தா மத்திய அரசுக்காகக் கொள்முதல் பண்ற நாஃபெட் மூலமா வாங்கறதா அறிவிப்பாங்க. அன்னைக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் புக்குன்னு ஓடறதுக்குப் பதிலா, குழுவுல எல்லாரோட நகலையும் ஒரு ஃபைல்ல இப்பவே போட்டு வைங்க. கொள்முதல் தொடங்கற வாரத்துல வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல்ல நிக்கற கூட்டத்தைப் பார்த்திருக்கீங்கல்ல?

வியாபாரி குடுத்த அட்வான்ஸ்

இப்ப சொல்லப் போறது கொஞ்சம் கசப்பு. குழுக்கள் உடையறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

உறுப்பினர் ஒருத்தர் கூட்டத்துக்கு வருவாரு, கையெழுத்துப் போடுவாரு, ஆனா காயை மட்டும் பழைய வியாபாரிக்கே குடுப்பாரு. துரோகின்னு எல்லாரும் பேசுவாங்க. அவங்க வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்க, காரணம் தெரியும். பொண்ணு கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, போர் மோட்டார் எரிஞ்சதுக்கோ அந்த வியாபாரி அட்வான்ஸ் குடுத்திருப்பாரு. ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணாலும் பணத்தோட வந்தவர் அவர். வட்டின்னு வாங்கியிருக்க மாட்டாரு. காய் விலையில பிடிச்சுக்குவாரு. அந்த வட்டியைக் கணக்குப் போட்டா தலை சுத்தும், அது வேற விஷயம். ஆனா அந்த ராத்திரிக்கு உங்க குழுகிட்ட பதில் இருக்கா? இல்லாத வரைக்கும் அவரைத் திட்டறதுல பிரயோஜனம் இல்ல.

அதனால ரெண்டு ஏற்பாடு. ஒண்ணு, உறுப்பினர்கள் எல்லாக் காயையும் குழுவுக்கே குடுக்கணும்னு கட்டாயப்படுத்தாதீங்க. பாதி போதும். முதல் வருஷம் கால்வாசி குடுத்தாக்கூடச் சரி. ஆனா குடுக்கறேன்னு சொன்னதைக் குடுக்கணும், வெட்டுக்கு வெட்டு அது ஏட்டுல ஏறணும். ரெண்டாவது, அட்வான்ஸ் கடன் இருக்கறவங்க பட்டியலை ரகசியமா ஒருத்தர் எடுத்து, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துல பயிர்க்கடன் வாங்க முடியுமா, கிசான் கார்டு இருக்கான்னு ஒவ்வொருத்தருக்கா கூடவே போய்ப் பாருங்க. வியாபாரி கடன்ல இருந்து வெளிய வந்த ஒரு வீடு, அதுக்கப்புறம் குழுவை விட்டுப் போகாது.

இப்ப பணக் கணக்கு. நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு போட்டா ஒரு லட்சம். பெரிய தொகையா இருக்கு இல்ல? அந்த ஆதார விலைக்கே கணக்குப் போடுங்க: ஒரு டன் கொப்பரை 1,15,820 ரூபாய். நூறு பேர் பங்குப் பணத்துல ஒரு டன்கூட வாங்க முடியாது. பத்து டன் லாரி லோடுன்னா பதினொண்ணரை லட்சத்துக்கு மேல. இது தெரியாம "உறுப்பினர்கிட்ட ரொக்கம் குடுத்து வாங்குவோம்"னு கிளம்பற குழு, முதல் லாரிப் பணம் வர்ற வரைக்கும் கையைப் பிசைஞ்சுட்டு உட்கார்ந்திருக்கும். அதுக்குள்ள அடுத்த வெட்டு வந்துடும், காய் வியாபாரிக்குப் போயிடும்.

ஆரம்பத்துல வாங்காதீங்க, வித்துக் குடுங்க. சரக்கு உறுப்பினரோடதாவே இருக்கட்டும். குழு எடை போட்டு, தரம் பிரிச்சு, ஒண்ணாச் சேர்த்து ஏலத்துக்குக் கொண்டு போகுது. வர்ற பணத்துல செலவுக்குன்னு முன்னாடியே முடிவு பண்ண தொகையை எடுத்துட்டு மீதி அவரவர் பேங்க் கணக்குக்கு. கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடக் கிடைச்சாலும் பத்து டன்னுக்கு இருபதாயிரம். அதுல லாரி வாடகை, சுமைக்கூலி, எழுதறவர் சம்பளம் போக என்ன நிக்குதுன்னு பாருங்க. ஒண்ணும் நிக்கலேன்னா வழியை மாத்துங்க, ஆனா மறைக்காதீங்க.

பதிவு, மானியம், கையெழுத்து

ரெண்டு வெட்டு தாண்டினீங்களா? இப்ப பதிவைப் பத்திப் பேசலாம். தமிழ்நாட்டுல 2017-18-ல வந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்துல இருபது பேர் ஒரு ஆர்வலர் குழு, அஞ்சு குழு சேர்ந்து நூறு பேர் ஒரு உற்பத்தியாளர் குழு. அந்தக் குழுவுக்குப் பண்ணை இயந்திரம் வாங்க 5 லட்சம் குடுத்தாங்க. உங்க ஊர்ல அப்படி ஒரு குழு ஏற்கெனவே தூங்கிட்டு இருக்கலாம். வேளாண் அலுவலகத்துல கேளுங்க. புதுசா ஒண்ணு பெத்துப் போடறதுக்கு இருக்கறதை எழுப்பறது மேல்.

உற்பத்தியாளர் கம்பெனின்னா பத்து விவசாயிங்க போதும், பதிவு பண்ணலாம். இயக்குநர்கள் அஞ்சு பேர்ல இருந்து பதினஞ்சு பேர் வரை. எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நூறு ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஒரே ஓட்டு. இந்தச் சட்டம் 2002-ல வந்ததே கூட்டுறவோட நல்ல குணத்தையும் கம்பெனியோட சுதந்திரத்தையும் சேர்க்கலாம்னுதான். ஆனா கம்பெனின்னா கம்பெனிதான். வருஷா வருஷம் ஆடிட், வருஷாந்திரக் கூட்டம், கம்பெனிப் பதிவாளர்கிட்ட (ஆர்.ஓ.சி.) படிவம். தாமதமானா ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொண்ணுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஓடும். வியாபாரமே நடக்காத கம்பெனிக்கும் ஓடும். "ஆடிட்டர் பார்த்துக்குவாரு"ன்னு விட்டுட்டு, பல வருஷம் கழிச்சு அபராதத்தைப் பார்த்து மயங்கின இயக்குநர்களை எனக்குத் தெரியும். கணக்குப் பார்க்கறவருக்குச் சம்பளம் குடுக்க வழியில்லாத குழு கம்பெனி ஆகக் கூடாதுங்கறது என் முடிவு. இது சட்டம் சொல்றதில்ல, நான் சொல்றேன்.

2020-ல மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள்னு திட்டம் கொண்டு வந்துச்சு. சமவெளியில குறைஞ்சது 300 பேர், மூணு வருஷத்துக்கு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை, பங்கு மானியம் ஆளுக்கு 2,000 ரூபாய் வீதம் அதிகபட்சம் 15 லட்சம், 2 கோடி வரைக்கும் கடனுக்கு உத்தரவாதம். நல்ல திட்டம்தான். கெடுதல் எங்கேன்னா, மானியத்துக்காகவே முந்நூறு ஆதார் நகல் சேர்த்து ஆரம்பிச்ச குழுக்கள்ல. மூணு வருஷம் முடிஞ்சு சம்பளம் நின்னா சி.இ.ஓ. போயிடுவாரு, ஆபீஸ் பூட்டிடும். பங்கு போட்டது மறந்துபோன உறுப்பினர்கூட உண்டு.

தங்கச்சிகளுக்குன்னு ஒண்ணு சொல்லணும். தேங்காயை உடைச்சுக் காய வைக்கறது, திருப்பிப் போடறது, மழை வந்தா ஓடிப் போய் மூடறது எல்லாம் நம்ம கை. ஆனா பட்டா அவர் பேர்ல இருக்கு, அதனால உறுப்பினர் அவர்னு சொல்லுவாங்க. சட்டம் உற்பத்தி வேலை செய்யறவங்களை உற்பத்தியாளர்னு சொல்லுது. பட்டா வேணும்னு சொல்லலை. குத்தகைக்குப் பண்றவங்களுக்கும் இது பொருந்தும். உங்க பேர்ல ஒரு பங்கு வாங்குங்க, கூட்டத்துல முன் வரிசையில உட்காருங்க. ரசீதுல யாரு பேர் எழுதறாங்கன்னு கவனமாப் பாருங்க. ரசீது யாரு பேர்லயோ, வருஷக் கடைசி போனஸும் அவங்க கணக்குக்குத்தான் போகும்.

எண்ணெய் ஆசையைப் பத்தியும் சொல்லிடறேன். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், பாட்டில், லேபிள், கடைக்காரர் கமிஷன், கடனுக்குப் போட்ட சரக்குக்குப் பணம் வர ஒண்ணரை மாசம். இதுக்கெல்லாம் கையில காசு வெச்சிருக்கீங்களா? இல்லேன்னா முதல் வருஷம் உறுப்பினர் வீடுகளுக்கு மட்டும் ஆட்டிக் குடுங்க. நம்ம வீட்டு அடுப்புலயே நம்ம எண்ணெய் ஓடலேன்னா கோயமுத்தூர் சூப்பர் மார்க்கெட்டுல எப்படி ஓடும்?

குழுவால ஆகாதது எதுன்னும் தெரிஞ்சுக்கங்க. கேரளா வாடல் நோய் வந்த தோப்பையும், 2016-ல இருந்து நம்ம பக்கம் பாடாப் படுத்தற வெள்ளை ஈயையும் கூட்டு விற்பனை சரி பண்ணாது. காய்ப்பு பாதியா விழுந்த தோட்டத்துக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடக் கிடைச்சு என்ன ஆகப் போகுது? அங்க மறுநடவும் ஊடுபயிரும்தான் முதல்ல. குழு அதுக்குக் கன்னு, உரம் மொத்தமா வாங்கிக் குடுக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியா என் வேலையைப் பத்தி. மாசக் கூட்டத்துல வரவு செலவைச் சத்தமாப் படிக்கணும், பேப்பரைச் சுத்த விட்டாப் போதாது. எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து குழு வாட்ஸ்அப்புல அன்னைக்கே போடுங்க. லாரி யாரோடதுன்னு கேளுங்க. தலைவரோட மச்சான் லாரின்னா தப்பில்லை, ஆனா வேற ரெண்டு லாரி வாடகையும் கேட்டு எழுதி வைங்க. இயக்குநர்களோட சரக்கும் அதே தராசுல, அதே வரிசையில.

லாபத்தை வருஷக் கடைசியில பிரிக்கறப்போ பங்குக்குக் கொஞ்சம்தான் போகும். அதுக்குக் கம்பெனி விதிகள்ல ஒரு வரம்பு வெக்கணும்னு சட்டமே சொல்லுது. மீதி எவ்வளவு சரக்கு குடுத்தாங்களோ அந்த எடைக்குத் தக்கபடி போனஸ். செப்டம்பர்க்குள்ள வருஷாந்திரக் கூட்டம் முடிச்சு கணக்கு பாஸ் பண்ணிட்டா, தீபாவளிக்கு முன்னாடி கையில குடுத்துடலாம். அன்னைக்கு ஒருத்தர் கண்டிப்பா வருவாரு: "நானும் உறுப்பினர்தானே, எனக்கு ஏன் வரல?" அவர் எந்த வெட்டுக்கும் காய் குடுத்திருக்க மாட்டாரு. சண்டை போடாதீங்க. ஏட்டைத் திறந்து அவர் பேருக்கு நேரா இருக்கற வெறும் கட்டங்களைக் காட்டுங்க, ஒரு டீ வாங்கிக் குடுங்க, அடுத்த வெட்டு என்னைக்குன்னு கேளுங்க.